யாழ். நகரில் அரசவைச் சிற்றோவியங்களை அச்சிட்டுச் சட்டமிடல்: ஒரு நிலையம் பற்றிய மதிப்பீடு

யாழ். நகரில், கஸ்தூரியார் வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையொன்றில் இருக்கும் இந்த அச்சு, சட்ட நிலையத்துக்குப் பெரும்பாலானோர் கலியாணப் படங்களைப் பெருப்பிக்கவும், அந்தியேட்டிக்கு வைக்கும் உருவப்படத்தை எடுக்கவும், சாமிப் படங்களுக்குச் சட்டம் போடவும் போகிறார்கள். நான் கொண்டுபோனவை முகலாய, தக்காண அரசவைகளில் வரையப்பட்ட மூன்று குழு உருவப்படங்களின் கோப்புகள். உயர்தரச் சித்திர வகுப்பில் இந்திய ஓவியம் படிப்பிக்கும்போது, பல தடவை பிரதி எடுத்து மங்கிப்போன ஒரு தர்பார்க் காட்சியைக் கையில் பிடித்துக்கொண்டு, இதிலுள்ள ஒவ்வொரு முகமும் உண்மையாக வாழ்ந்த ஒருவருடையது என்று சொன்னால் மாணவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டுவார்களே தவிர நம்பமாட்டார்கள். சித்திர அறைக்கு ஒழுங்கான பிரதிகள் வேண்டும் என்றுதான் இந்த நிலையத்தை நாடினேன். இங்கே எழுதுவது அந்த ஒரு வேலையைப் பற்றியது மட்டுமே. கலியாண அல்பங்களைப் பற்றியோ பெயர்ப்பலகைகளைப் பற்றியோ எனக்குச் சொல்ல எதுவுமில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பருத்தித் தாளில் மூல ஓவியத்தின் அளவிலேயே எடுக்கும் பிரதிக்கு இந்த நிலையத்தை நம்பிப் போகலாம். ஆனால் கணினியில் கோப்பைத் திறக்கும்போது பக்கத்தில் ஒருவர் இருந்து பார்க்க வேண்டும். கன்வஸ் அச்சு இந்த வகை ஓவியத்துக்கு உதவாது. சட்டவேலை திருத்தமானது, ஆனால் அலங்காரத்தில் கடைக்காரருக்கு உள்ள ஆசையைத் தடுக்க வேண்டியிருக்கும்.

அரசவைக் குழுப்படத்தின் பிரதியை எதைக்கொண்டு மதிப்பிடுவது என்பதை முதலில் தெளிவாக்க வேண்டும். இராகங்களை உருவகித்துக் காட்டும் இராகமாலைப் படமோ வேட்டைக் காட்சியோ என்றால், நிறமும் கோடும் ஏறத்தாழ வந்துவிட்டாலே படத்தின் உயிர் வந்துவிடும். குழு உருவப்படத்திலோ முகம் தவறினால் படமே தவறியதாகும், ஏனெனில் அந்த ஓவியம் வரையப்பட்டதன் நோக்கமே இன்னார், இன்னார் என்று அடையாளம் காட்டுவதுதான். முகலாயப் பேரரசர் அக்பர் தாமே ஓவியர்முன் அமர்ந்து தம் உருவத்தை எழுதுவித்ததையும், அரசின் பிரமுகர்கள் அனைவரின் உருவங்களையும் எழுதச் செய்து பெரிய தொகுப்பொன்றை உருவாக்கியதையும் அவருடைய அரசவை வரலாற்றாசிரியர் அபுல் பஸ்ல், ஆயின்-இ-அக்பரி என்னும் நூலில் பதிந்திருக்கிறார். அந்தத் தொகுப்பினால் மறைந்தவர்கள் மீண்டும் உயிர்பெற்றார்கள், இருப்பவர்களுக்கு அழியா வாழ்வு உறுதியாயிற்று என்பது அவருடைய கருத்து. அக்பரின் ஓவியக்கூடத்தில் ஒரே ஏட்டில் அமைப்பை ஒருவர் வரைய, வண்ணத்தை இன்னொருவர் தீட்ட, முகங்களை மட்டும் எழுதுவதற்கு அதில் தேர்ந்த மூன்றாமவர் அழைக்கப்பட்ட சந்தர்ப்பங்கள் உண்டு. அவருடைய மகன் ஜஹாங்கீர் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு முகத்தை ஒருவரும் அதன் கண்ணையும் புருவத்தையும் வேறொருவரும் எழுதியிருந்தாலும் எது யாருடைய கை என்று தம்மால் சொல்ல முடியும் எனத் தம் நினைவுக்குறிப்பில் பெருமை பேசுகிறார். புருவத்தில் கையைத் தேடிய அரசருக்காக எழுதப்பட்ட படங்கள் இவை. ஆகவே அச்சிலும் புருவம் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது கூடுதலான ஆசையல்ல.

நான் கொடுத்தவற்றில் மிகக் கடினமானது ஜஹாங்கீரின் தர்பார்க் காட்சி. 1620ஐ ஒட்டி எழுதப்பட்டு, மனோகர், அபுல் ஹசன் ஆகிய இருவரின் கைவண்ணமாகக் கருதப்படும் இந்த ஏடு இன்று பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையில் இருக்கிறது. அந்த நூதனசாலையின் இந்தியக் கலைப் பிரிவை 1917ஆம் ஆண்டிலிருந்து கட்டியெழுப்பியவர் கொழும்பில் பிறந்த நம்மவர் ஆனந்த குமாரசுவாமி என்பதை மாணவர்களுக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை, எனினும் இந்த ஏடு அவர் அங்கே போவதற்கு முன்பே, 1914இல், அங்கு வந்து சேர்ந்துவிட்டது. உயரம் ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர், அகலம் 20 சென்ரிமீற்றர்தான். அதற்குள் மாடத்தில் அரசர், அருகே இளவரசர் குர்ரம் (பின்னாளில் ஷாஜஹான்), கீழே வரிசை வரிசையாக நெருக்கி நிற்கும் பிரபுக்கள், அவர்களிடையே கறுப்பு அங்கியணிந்த யேசு சபைப் பாதிரியார் ஒருவர், அடியில் யானையும் குதிரையும் என்று எல்லாம் அடங்கியிருக்கின்றன. முகங்கள் விரல் நகத்திலும் சிறியவை. பலருடைய உடையிலோ தலைப்பாகையிலோ பாரசீக எழுத்தில் அவரவர் பெயர் பூச்சியின் கால்போல எழுதப்பட்டிருக்கிறது.

இந்தக் கூட்டத்தை உற்றுப் பார்த்தால் ஒன்று புலப்படும். இத்தனை பேர் தோளோடு தோள் உரச நின்றும் ஒருவரையொருவர் பார்ப்பதாகத் தெரிவதில்லை. ஒவ்வொரு முகமும் தனித்தனியே எழுதப்பட்டுப் பின்னர் கொண்டுவந்து பொருத்தப்பட்டதுபோல அதனதன் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. உண்மையும் அதுதான். ஓவியக்கூடத்தில் பிரபுக்களின் முக வரைவுகள் சேமித்து வைக்கப்பட்டிருந்தன. மெல்லிய தோலிலோ தாளிலோ அவற்றை ஒற்றியெடுத்து, கோட்டின் வழியே ஊசியால் துளையிட்டு, கரித்தூளைத் தட்டிப் புதிய ஏட்டுக்கு மாற்றினார்கள். இதனால் ஒருவருடைய முகம் பல ஏடுகளில் ஒரே சாயலுடன் திரும்பத் திரும்ப வருகிறது. ஒன்றாக ஒருநாளும் நின்றிராதவர்கள்கூட ஒரே தர்பாரில் நிற்கிறார்கள். மாணவர்கள் இதைத் தாமே கண்டுபிடிக்க வேண்டுமென்றால் பிரதியில் ஒவ்வொரு முகத்தின் ஓரக்கோடும் அறுத்தெடுத்ததுபோலத் தெரிய வேண்டும்.

இந்த நிலையத்தின் அச்சுப்பொறி அதைச் செய்கிறது என்று மகிழ்ச்சியோடு சொல்லலாம். மூல அளவில், பருத்தித் தாளில் எடுத்த பிரதியில் தாடிமயிரின் போக்கும், வயதானவர்களின் கண்ணடிச் சுருக்கமும், மெல்லிய மஸ்லின் உடைக்குள்ளே தெரியும் கையின் நிறமும் பிரிந்து தெரிகின்றன. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது பெயரெழுத்துகளில் ஒரு பகுதி தெளிவாகவும், ஒரு பகுதி புள்ளிகளாகக் கலைந்தும் இருந்தன. அது அச்சின் குறையன்று, நான் கொண்டுபோன கோப்பின் எல்லை. 35 சென்ரிமீற்றர் உயரத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் அச்சிட வேண்டுமானால் கோப்பு உயரவாக்கில் ஏறத்தாழ 4,130 புள்ளிகள் கொண்டதாக இருக்க வேண்டும். இதை நிலையத்தில் வேலை செய்யும் இளைஞர் நான் கேட்காமலே கணக்குப் பார்த்து, கோப்பு இதற்குமேல் தாங்காது என்று சொன்னார். பெருப்பித்துத் தருகிறேன் என்று காசை வாங்கிக்கொண்டு மங்கலாக அடித்துக் கொடுப்பவர்களும் இருக்கும் தொழிலில் இது மதிக்க வேண்டிய நேர்மை.

ஆனால் அதே இளைஞர், நான் தடுக்காவிட்டால், இதே படத்தின் பொருளையே வெட்டியெறிந்திருப்பார். இந்த ஏடு ஒடுங்கி உயர்ந்தது. ஏ3 தாள் அதைவிட அகன்றது. தாள் முழுவதையும் படத்தால் நிரப்ப வேண்டும் என்பது கடையின் வழக்கம் போலும். அடிப்புறத்தை யானைக்குமேலே வெட்டினால் "அளவாக வரும்" என்று திரையில் கோடிட்டுக் காட்டினார். கலியாணப் படத்தில் காலடியிலுள்ள கம்பளத்தை வெட்டினால் எவரும் குறைசொல்லப் போவதில்லை. தர்பார்ப் படத்திலோ ஏட்டின் உயரமே தரவரிசையாகும். அரசர் மேலே மாடத்தில். அவருக்கு நெருக்கமானவர்கள் அதற்கு அடுத்து. பதவி குறையக் குறைய இடமும் இறங்கிக்கொண்டே போகும். ஷாஜஹானின் ஆட்சியைச் சொல்லும் பாத்ஷாநாமாவில், இப்போது விண்ட்சர் அரண்மனை நூலகத்தில் இருக்கும் அந்தப் பிரதியின் 44 ஓவியங்களில் பலவற்றில், இந்த ஒழுங்கு இன்னும் கடுமையாகிறது: யார் கிராதிக்கு உள்ளே, யார் வெளியே என்பதும், அரசரின் மாடத்திலிருந்து ஒருவர் எத்தனையாவது ஆளாக நிற்கிறார் என்பதும் அரசாங்கப் பதிவேட்டின் துல்லியத்தோடு எழுதப்பட்டிருக்கின்றன. நமது பாடசாலைகளில் ஆண்டுதோறும் எடுக்கும் குழுப்படத்தில் அதிபர் நடுவிலும் உப அதிபர்கள் இருபுறமும் அமர, மாணவத் தலைவர்கள் பின்னே நிற்க, கீழே பெயர்கள் அச்சாகிவருமே, அந்தப் படத்தில் பின்வரிசையை வெட்டிவிட்டால் எத்தனை வீடுகளில் சண்டை வரும் என்று கேட்டேன். இளைஞர் சிரித்துக்கொண்டே கோட்டை அழித்தார். இரு பக்கமும் வெறுமை விட்டு ஏடு முழுமையாக வந்தது. நீங்கள் போனாலும் "வெட்டாமல், வெறுமை விட்டு" என்று கட்டளைத் துண்டில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது படம் தக்காண அரசான பீஜப்பூரிலிருந்து வந்தது. ஆதில் ஷாஹி வம்சத்துச் சுல்தான்கள் ஒரே மேடையில் கூடியிருப்பதாக 1680ஐ ஒட்டி கமால் முகம்மது, சாந்த் முகம்மது ஆகிய இருவர் எழுதிய இந்த ஓவியம் நியூயோர்க் மெட்ரோபொலிற்றன் நூதனசாலையில் உள்ளது. என் கணிப்பில் இந்திய அரசவைக் குழுப்படங்களுள் இதைப்போல மனத்தைக் கலக்குவது வேறில்லை. நடுவே வம்சத்தைத் தோற்றுவித்த யூசுப் அமர்ந்திருக்கிறார். ஈரானின் சபவி வம்சத்து முதல் அரசரான ஷா இஸ்மாயில் அவரிடம் ஒரு திறவுகோலைக் கொடுக்கிறார். இருபுறமும் யூசுபின் வழிவந்தவர்கள், பல தலைமுறைகளால் பிரிந்திருந்தவர்கள், ஒரே நாளில் அழைக்கப்பட்ட விருந்தினர்போல அமர்ந்திருக்கிறார்கள். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளை ஒரு மேடையில் இருத்தியிருக்கிறார்கள். இத்தகைய கற்பனைக் கூட்டங்களை முகலாயர் முன்பே எழுதுவித்திருந்தனர். முகலாயரின் மூதாதையான தைமூர் தம் முடியைப் பாபருக்குக் கொடுப்பதாகவும், அக்பர் முடியை ஜஹாங்கீருக்கன்றிப் பேரன் ஷாஜஹானுக்குக் கொடுப்பதாகவும் 1630ஐ ஒட்டி எழுதப்பட்ட ஏடுகள் உள்ளன. முகலாயர் தம் வலிமையின் உச்சத்தில் செய்த அந்த வித்தையைப் பீஜப்பூர் தன் கடைசி மூச்சில் செய்தது. வலது ஓரத்தில் அமர்ந்திருக்கும் கறுத்த சிறுவன்தான் அப்போது ஆண்ட சிக்கந்தர். 1672இல் குழந்தையாக அரியணை ஏறியவன். படம் எழுதி ஆறேழு ஆண்டுகளுக்குள், 1686இல், ஔரங்கசீப் பீஜப்பூரைப் பிடித்து வம்சத்தையே முடித்துவைத்தார்.

முதல் மாதிரி அச்சு கைக்கு வந்தபோது சிக்கந்தர் வெளுத்திருந்தான். சிக்கந்தர் மட்டுமல்ல, மேடையிலிருந்த அனைவருமே ஒரே கோதுமை நிறத்துக்கு வந்திருந்தார்கள். கன்னங்களில் ஓவியர் நுண்ணிய புள்ளிகளால் ஏற்றிய நிழல் போய், வழவழப்பாக ஒரு பூச்சு நின்றது. எங்கள் ஊர்ப் படப்பிடிப்பு நிலையங்களில் கலியாணப் பெண்ணுக்கும் இறந்தவருக்கும் வேறுபாடின்றிச் செய்யப்படும் முகத்திருத்தம் இங்கேயும் நடந்திருந்தது. "ரீச்சர், இந்தப் பெடியனை இவ்வளவு கறுப்பா விடுறதோ? கொஞ்சம் வெளிச்சமாக்கி விட்டனான்," என்று இளைஞர் பெருமையோடு சொன்னார். அவருடைய நோக்கத்தில் தவறில்லை. அவரிடம் வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் கேட்டு வாங்கும் சேவை அது. எனினும் குழு உருவப்படத்தில் தோலின் நிறம் அடையாளமாகும். வரிசையின் மற்றவர்களிலிருந்து இந்தச் சிறுவனை வேறுபடுத்துவதற்கு ஓவியர் கையாண்ட முதல் வழி அதுதான். முன்னோரின் உருவங்களை அவர்கள் பழைய படங்களைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும், ஆனால் ஆளும் சுல்தான் அவர்கள் நேரில் கண்ட சிறுவன். வெளுப்பாக்கிய அச்சில் அந்த ஒரே நேரடிச் சாட்சி அழிந்துபோகிறது. இதை விளக்கியபின் அவர் மூலக் கோப்பை மறுபடி திறந்து, திருத்தம் எதுவும் செய்யாமல் அச்சிட்டுத் தந்தார். மேலதிகப் பணம் கேட்கவில்லை. திருத்தாத அச்சையும் வெளுத்த அச்சையும் இப்போது அருகருகே வைத்துத்தான் பாடம் நடத்துகிறேன், அந்த வகையில் வெளுத்த மாதிரிக்கும் ஒரு பயன் கிடைத்தது.

தோலோடு தாளின் நிறமும் மாறியிருந்ததைக் குறிப்பிட வேண்டும். பழைய தாளின் மங்கிய பால்நிறத்தைக் கணினி ஒரு குறையாகக் கருதித் தானாகவே வெண்மையாக்கிவிடுகிறது, அதனால் பக்கத்திலுள்ள நீலமும் பச்சையும் கூசும்படி எழுந்துவிடுகின்றன. தானியங்கு நிறத்திருத்தம், கூர்மையாக்கல், முகத்திருத்தம் ஆகிய மூன்றையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். நூதனசாலைகள் இந்தக் கோப்புகளை நிற அளவுகோல் வைத்துத்தான் எடுத்திருக்கின்றன, அவற்றுக்குமேல் நாம் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

மூன்றாவது படத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது முதல் தடவையிலேயே சரியாக வந்துவிட்டது. பிசித்ர் எழுதிய, வாஷிங்டன் பிரீயர் கலைக்கூடத்தில் உள்ள ஏடு: மணற்கடிகாரத்தின்மேல் அமைந்த அரியணையிலிருந்து ஜஹாங்கீர் சூபி ஞானி ஒருவருக்கு நூலொன்றை அளிக்க, கீழே துருக்கிச் சுல்தானும் இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்சும் காத்து நிற்கிறார்கள், இடது மூலையில் மஞ்சள் அங்கியோடு, கையில் சிறு படமொன்றை ஏந்தியபடி ஓவியரே நிற்கிறார். ஐந்து பேர்தான், ஆனால் மூன்று வகையான முகங்கள். அரசரும் ஞானியும் நேரில் கண்டு எழுதப்பட்டவர்கள் போலத் தெரிகிறார்கள். ஜேம்ஸ் ஐரோப்பிய ஓவியமொன்றைப் பார்த்து எழுதப்பட்டவர், அதனால் அவர் முகம் முக்கால் பக்கம் திரும்பி வேறொரு ஒளியில் நிற்கிறது. துருக்கிச் சுல்தான் எந்தச் சுல்தானும் அல்லர், பொதுவான ஒரு வார்ப்பு. இந்த வேறுபாடு அச்சில் அப்படியே தெரிகிறது. ஏட்டைச் சுற்றியுள்ள பூவேலைக் கரை 18ஆம் நூற்றாண்டில் ஈரானில் சேர்க்கப்பட்டது. அதையும் விடாமல் அச்சிடச் சொன்னேன்.

தாளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், கடையில் எல்லோரும் தடுமாறும் இடம் இது. மூல ஓவியங்கள் பல தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்த வஸ்லி என்னும் கனத்த தாளில் எழுதப்பட்டவை. வண்ணம் ஏற்ற ஏற்ற ஏட்டைக் கவிழ்த்து வைத்து, பின்புறத்தில் அகேட் கல்லால் தேய்ப்பார்கள்; அணிலின் வால்மயிரால் செய்த தூரிகையின் தடம் தாளுக்குள் அமிழ்ந்து, மேற்பரப்பு எனாமல் பூசியது போன்ற மென்மையான மினுக்கத்தைப் பெறும். கடையிலுள்ள தாள்களில் எதுவும் இதற்கு ஈடாகாது. பளபளப்பான படத்தாள் அளவுக்கு மீறி மின்னி, ரியூப் விளக்கின் கீழே முகத்துக்குப் பதிலாக விளக்கையே காட்டுகிறது. சாட்டின் எனப்படும் அரைமினுக்கத் தாள் தோற்றத்தில் மூலத்துக்கு மிக அருகே வருகிறது, வீட்டில் ஒருவர் இருந்து பார்ப்பதற்கு அதையே எடுக்கச் சொல்வேன். வகுப்பறையில் பலர் பல பக்கமிருந்து பார்ப்பதால் நான் மினுக்கமற்ற பருத்தித் தாளைத் தெரிந்தேன். கன்வஸைக் கடைக்காரர் மிகவும் பரிந்துரைத்தார். பெரிதாகவும் கம்பீரமாகவும் இருக்கும் என்றார். ஒரு சிறு துண்டில் சோதித்துப் பார்த்தோம். இவ்வளவு சிறிய முகங்களுக்குத் துணியின் இழை மிகத் தடிப்பாக இருந்தது. ஜஹாங்கீரின் மூக்கு இரண்டு இழைகளுக்கிடையில் போய்விட்டது. துணியில் எழுதப்பட்ட முகலாயக் குழுப்படம் இல்லாமலில்லை. பிரித்தானிய நூதனசாலையிலுள்ள தைமூர் வம்சத்து இளவரசர்களின் ஓவியம் பருத்தித் துணியில், ஒரு மீற்றருக்கும் மேற்பட்ட நீள அகலத்தில் எழுதப்பட்டது. ஆனால் அதன் முகங்களும் அந்த அளவுக்கேற்பப் பெரியவை. ஏட்டோவியத்தைக் கன்வஸில் அடிப்பதற்கு அது நியாயமாகாது.

பொன்னைப் பற்றிய எதிர்பார்ப்பை எவரும் குறைத்துக்கொள்ள வேண்டும். மூலத்தில் ஒளிவட்டமும் அரியணையும் உடைவாளின் கைப்பிடியும் உண்மையான பொற்பொடியால் தீட்டப்பட்டு மெருகேற்றப்பட்டவை. சில இடங்களில் ஊசியால் குத்திக் குழி செய்து, ஏட்டை அசைக்கும்போது ஒளி துள்ளும்படி செய்திருப்பார்கள். அச்சில் அது மஞ்சட்கபிலமாகத்தான் வரும். கலியாண அழைப்பிதழ்களுக்குப் பயன்படும் பொன்னிறத் தகட்டை ஒளிவட்டத்தின்மேல் ஒட்டித் தரலாம் என்று ஒரு யோசனை சொல்லப்பட்டது. நன்றி சொல்லி மறுத்துவிட்டேன்.

சட்டவேலையில் இந்த நிலையத்தின் கை தேர்ந்த கை. மூலைகள் இடைவெளியின்றிச் சேர்ந்திருக்கின்றன. கண்ணாடி படத்தைத் தொடாமல் இருக்க உள்ளே மவுண்ட் அட்டை வைத்து, அதன் ஓரத்தைச் சரிவாக வெட்டியிருக்கிறார்கள். மாரிகாலத்து ஈரத்தில் கண்ணாடியோடு படம் ஒட்டிப் பூஞ்சணம் பிடித்த எத்தனையோ குடும்பப் படங்களை யாழ்ப்பாணத்து வீடுகளில் பார்த்திருப்போம். அந்த இடைவெளி அட்டைக்கு மேலதிகமாகக் கொடுக்கும் பணம் வீண் போகாது. பின்பலகையின் ஓரங்களைத் தாள்நாடாவால் முழுவதும் மூடச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் ஆணியோடு விட்டுவிடுகிறார்கள். சட்டங்களின் தெரிவில்தான் குறை. காட்சிக்கு வைத்திருப்பவற்றில் பெரும்பாலானவை சாமிப் படங்களுக்கும் தஞ்சாவூர் ஓவியங்களுக்கும் ஏற்ற, பொன்னிறக் கொடிவேலை நிறைந்த அகன்ற சட்டங்கள். ஏற்கனவே கரையோடு கூடிய ஓர் ஏட்டுக்கு அவற்றைப் போட்டால் கண் சட்டத்தைவிட்டு நகராது. உள்ளே தேடச் சொன்னால் ஒடுங்கிய கருங்கபில மரச்சட்டம் கிடைக்கும். ஒரு படத்துக்குச் சட்டத்தின் செலவு அச்சின் செலவைப்போல இரண்டு மடங்கைத் தாண்டுகிறது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

உண்மையில், மூன்றில் ஒன்றுக்கு மட்டுமே சட்டம் போட்டேன். இந்த ஓவியங்கள் சுவரில் தொங்குவதற்காக எழுதப்பட்டவையல்ல. நூலிலோ தொகுப்பேட்டிலோ கட்டப்பட்டு, அரசரும் அவருக்கு வேண்டியவர்களும் கையிலோ மடியிலோ வைத்து, முகத்தை அருகே கொண்டுவந்து பார்த்தவை. தர்பாரும் பீஜப்பூரும் இப்போது மவுண்ட் அட்டையோடு மட்டும் ஒரு கெட்டியான உறைக்குள் இருக்கின்றன. வகுப்பில் மேசைமேல் வைத்தால், மாணவர்கள் இருவர் மூவராக வந்து குனிந்து பார்க்கிறார்கள். சித்திர ஆசிரியர்கள் எவரும் இதை வாசித்தால் அவர்களுக்கும் இதையே சொல்வேன்: சட்டத்துக்குச் செலவிடும் பணத்தில் இன்னும் இரண்டு படங்களை எடுக்கலாம்.

உரிமை பற்றி ஒரு குறிப்பு. மெட்ரோபொலிற்றன் நூதனசாலை 2017இலும், பிரீயர் கலைக்கூடத்தை உள்ளடக்கிய சிமித்சோனியன் நிறுவனம் 2020இலும் பெருந்தொகையான படக் கோப்புகளை எவரும் எந்தத் தேவைக்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டன. பொஸ்ரன் நூதனசாலைக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. அச்சு நன்றாக வந்ததைக் கண்ட கடைக்காரர், மூன்று கோப்புகளையும் வைத்துக்கொண்டு விற்பனைக்கு அடிக்கலாமா என்று கேட்டார். பீஜப்பூர்ப் படத்துக்கும் பிசித்ரின் படத்துக்கும் தடையில்லை என்றும், தர்பார்ப் படம் வகுப்பறைக்கு மட்டும் என்றும் சொன்னேன். அதை என் கண்முன்னே கணினியிலிருந்து நீக்கினார். கேட்டுச் செய்தமைக்காகவே அவரைப் பாராட்ட வேண்டும்.

சேவை பொதுவாக மரியாதையானது. மாதிரி அச்சு காட்டாமல் இறுதி அச்சுக்குப் போவதில்லை; அது பெரிய நிம்மதி. தொலைபேசியில் கேட்டால் விலை சொல்வதில் தயக்கம் காட்டுகிறார்கள், நேரில் போனால் தாளின் வகையையும் அளவையும் வைத்து எழுதித் தருகிறார்கள். கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வது வழக்கம். அங்கே படமாக அனுப்பினால் கோப்பு சுருங்கி, முகங்கள் அந்த இடத்திலேயே போய்விடும். ஆவணமாக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் கொண்டுபோங்கள். கடை ஒடுக்கமானது, இருந்து பார்ப்பதற்கு ஒரு கதிரைதான் உண்டு, திரையின் முன்னால் இருவர் நிற்பதே கடினம்.

நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாட்களிலும் அதற்குச் சற்று முன்னும் சாமிப் பட வேலை குவிந்துவிடுவதால் மாதிரியைப் பொறுமையாகப் பார்த்துத் திருத்த அங்கே எவருக்கும் நேரமிருக்காது. இத்தகைய வேலையை அதற்கு முன்னரே கொடுத்துவிடுங்கள், அல்லது திருவிழா முடிந்து ஒரு வாரம் கழித்துப் போங்கள். காலையில் கடை திறந்தவுடன் போனால் இளைஞரும் ஓய்வாக இருப்பார், கதிரையும் காலியாக இருக்கும்.